நூறு கிரன்ச் போட்டும் வயிறு ஏன் குறையவில்லை?

வாசகியின் கடிதம் நீளமானது. அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 39, உயரம் 158 செ.மீ. இரண்டு பிரசவங்கள், இளைய குழந்தைக்கு ஆறு வயது. நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் வேலை. மூன்று மாதங்களாக வாரத்தில் ஆறு நாள் உடற்பயிற்சி செய்கிறார். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறார். எழுந்தவுடன், வெறும் வயிற்றில், இடுப்பில் வியர்வை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு 100 கிரன்ச் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் உயர்த்துவது), 40 சிட்-அப் (முழுதாக எழுந்து உட்காருவது), பிறகு 20 நிமிடம் மெதுவான நடை. 'முதலில் வயிற்றுத் தசையை எரியவிட்டு உடனே கார்டியோ (நடை, ஓட்டம் போல இதயத்துடிப்பைக் கூட்டும் பயிற்சி) செய்தால் அந்த இடத்துக் கொழுப்புதான் கரையும்' என்று ஒரு காணொளியில் பார்த்ததால் இந்த வரிசை. இரவில் கொறிப்பதையும் நிறுத்தியிருக்கிறார். எடை 72.5 கிலோவிலிருந்து 71-க்கு வந்திருக்கிறது. இடுப்புச் சுற்றளவு மட்டும் 94 செ.மீ.-யிலேயே நிற்கிறது, சில நாள் இரவில் 97 கூடக் காட்டுகிறது. ஒரு மாதமாக அடிமுதுகில் வலி. சிட்-அப்புக்கு எழும்போது வயிற்றின் நடுவில் நீளவாக்கில் ஒரு மேடு புடைக்கிறது.

அவர் கேட்பவை: எண்ணிக்கையை 200 ஆக்கலாமா? எச்ஐஐடி (சிறிது நேரம் தீவிரமாக, சிறிது நேரம் நிதானமாக என்று மாறி மாறிச் செய்யும் பயிற்சி) தொடங்கலாமா? பயிற்சியை விட்டுவிட்டால் தசை கொழுப்பாக மாறிவிடுமா? கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சைக்குப் போய்விடலாமா? கடைசி வரியில், கேள்வியாகக்கூட இல்லாமல், 'குதித்தால் கொஞ்சம் சிறுநீர் கசிகிறது, வயதாகிறது இல்லையா' என்று எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் கசிவை வயதின் கணக்கில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். குதித்தாலும் தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிவது, பெரும்பாலும் சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருப்பதன் அடையாளம். பிரசவம் கண்ட பெண்களிடம் இது பரவலாக உண்டு. வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதும் இல்லை, சகித்துக்கொண்டே வாழ வேண்டியதும் இல்லை. பெரும்பாலானோருக்கு முறையான பயிற்சியால் நன்றாகக் குறையும். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இந்த ஒரு வரி, உங்களுக்கு எந்தப் பயிற்சி பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானித்துவிடுகிறது.

வயிற்றை நாலு பக்கமும் மூடிய ஒரு பெட்டியாக நினைத்துப் பாருங்கள். மேல்மூடி உதரவிதானம். அடிப்பலகை இடுப்புத்தளத் தசைகள். முன்னாலும் பக்கங்களிலும் வயிற்றுத் தசைகள். பின்னால் முதுகெலும்பும் அதை ஒட்டிய தசைகளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழும்போது பெட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. எந்தச் சுவர் பலவீனமோ அந்தப் பக்கம் தள்ளுகிறது. உங்களுக்கு முன்சுவர் நடுவில் புடைக்கிறது, அடிப்பலகை கசிகிறது, பின்சுவர் வலிக்கிறது. மூன்று தனித்தனி வியாதிகள் என்று பயப்பட வேண்டாம். மூன்றுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். வியர்வை பெல்ட் அந்த அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறது. அது கொழுப்பில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. பெல்ட்டைக் கழற்றியதும் எடை குறைந்ததாகத் தெரிவது வெளியேறிய தண்ணீரின் எடை. அடுத்த சில டம்ளர் தண்ணீரில் திரும்பிவிடும். இன்றோடு அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

நடுவில் புடைக்கும் அந்த மேட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே விரல் நுனிகளைக் குறுக்குவாட்டில் வைத்து, தலையையும் தோளையும் மட்டும் லேசாக உயர்த்துங்கள். இரண்டு பக்கத் தசைகளின் விளிம்பும் விரலுக்குத் தட்டுப்படும். இடைவெளி இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால், கர்ப்பத்தில் விலகிய நேர்த்தசைகள் (வயிற்றின் முன்புறம் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகள்) முழுமையாகச் சேரவில்லை என்று கொள்ளலாம். மருத்துவத்தில் இதற்கு டயஸ்டாசிஸ் ரெக்டை என்று பெயர். தொப்புளுக்கு நேராகவும் கீழேயும் இதே போலப் பாருங்கள். இடைவெளியின் அகலத்தோடு அதன் ஆழத்தையும் கவனியுங்கள்: விரல் மெத்தென்று உள்ளே போகிறதா, இழுத்துக் கட்டிய துணிபோல் எதிர்த்து நிற்கிறதா? எதிர்த்து நின்றால், இடைவெளி கொஞ்சம் இருந்தாலும் சுவர் தன் வேலையைச் செய்கிறது. இந்த விலகல் இருக்கும்போது, கொழுப்பு குறைந்த பின்னும் வயிறு முன்தள்ளியே தெரியலாம். உங்கள் டேப் 94-ஐ விட்டு நகராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கணக்கு எங்கே இடிக்கிறது

'உடம்பே ஒத்துழைக்க மறுக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 140 கிரன்ச், சிட்-அப்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் சக்தியைக் கழித்துப் பார்த்தால், உங்கள் எடைக்கு அதில் கூடுதலாகச் செலவாவது சுமார் 25 கலோரி. 20 நிமிட மெதுவான நடைக்கு 50-ஐ ஒட்டி வரும். ஆக நாளுக்கு 75. மூன்று மாதத்தில் 78 நாள் செய்திருந்தால் மொத்தம் 5,850. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. அப்படியானால் உடற்பயிற்சியால் மட்டும் குறைந்திருக்க வேண்டியது முக்கால் கிலோ. நீங்கள் ஒன்றரை கிலோ குறைத்திருக்கிறீர்கள். மீதி, இரவில் கொறிப்பதை நிறுத்தியதால் வந்திருக்கும். உங்கள் உடம்பு நேர்மையாகத்தான் கணக்குத் தீர்த்திருக்கிறது. உழைப்பு தவறான இடத்தில் குவிந்திருக்கிறது, அவ்வளவே.

கிரன்ச் போடும்போது வயிறு 'எரிவது' கொழுப்பு எரிவதன் அடையாளம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த எரிச்சல் களைத்துப்போன தசையிலிருந்து வருகிறது. அதன் மேலிருக்கும் கொழுப்புக்கும் அந்த உணர்வுக்கும் தொடர்பில்லை. கொழுப்புச் செல்லில் சேமிக்கப்பட்டது கொழுப்பு அமிலமாக உடைந்து ரத்தத்தில் கலந்து, உடம்பில் எந்தத் தசை கேட்கிறதோ அங்கே போய்ச் சேர்கிறது. எந்த இடத்துக் கிடங்கு முதலில் திறக்கும் என்பதை மரபணுவும் ஹார்மோன்களும் வயதும் முடிவுசெய்கின்றன. பெண்களுக்கு அடிவயிறும் தொடையும் பெரும்பாலும் கடைசியில்தான் திறக்கும்.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1984-இல் வந்த ஓர் ஆய்வில், பங்கேற்றவர்கள் 27 நாளில் ஒவ்வொருவரும் 5,004 சிட்-அப் போட்டார்கள். வயிறு, பிட்டம், மேல்முதுகு மூன்று இடத்துக் கொழுப்புச் செல்களும் ஒரே அளவில்தான் சுருங்கியிருந்தன. வயிற்றுக்குத் தனிச் சலுகை கிடைக்கவில்லை. 2011-இல் 24 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், ஏழு வகை வயிற்றுப் பயிற்சிகளை வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் செய்தவர்களுக்குத் தசையின் தாங்கும் திறன் கூடியது. வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

நீங்கள் பார்த்த காணொளி முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிட மாட்டேன். வேலை செய்யும் தசையை ஒட்டிய கொழுப்பில் ரத்த ஓட்டமும் கொழுப்பு உடைவதும் சற்றுக் கூடுவதை 2007-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஆனால் அந்தக் கூடுதல் மில்லிகிராம் கணக்கில் வருவது. மிகச் சிலரை வைத்து நடந்த ஓரிரு பிந்தைய ஆய்வுகள் சாதகமான முடிவைக் காட்டினாலும், அவற்றை நம்பி அடிமுதுகையும் இடுப்புத்தளத்தையும் பணயம் வைக்கும் அளவுக்கு அதில் பலன் இல்லை. எனவே 200 கிரன்ச் வேண்டாம். செலவாகும் கலோரி 25-லிருந்து ஏறத்தாழ 43 ஆகும்; முதுகுவலியும் கூடவே ஏறும்.

இரண்டையும் சேர்ப்பது சரிதான், விகிதம்தான் தலைகீழ்

கார்டியோவையும் வயிற்றுப் பயிற்சியையும் இணைத்தது நல்ல முடிவு. ஆனால் இரண்டின் வேலையும் வேறு. கொழுப்பைச் செலவழிப்பது, அதிலும் குடலைச் சுற்றியிருக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பைக் குறைப்பது, கார்டியோவும் உணவும். நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுப்பது இந்த உள் கொழுப்புதான். நல்ல வேளையாக, வேகநடை போன்ற பயிற்சிக்கு விரைவாக இளகுவதும் இதுதான். கையில் பிடித்தால் அகப்படும் தோலடிக் கொழுப்பு மெதுவாகத்தான் போகும். வயிற்றுப் பயிற்சி பெட்டியின் சுவர்களைக் கட்டுகிறது: முதுகைத் தாங்குகிறது, வயிறு முன்தள்ளுவதைக் குறைக்கிறது, கசிவைக் கட்டுப்படுத்த உதவுகிறது. மூன்றாவதாக ஒன்று உங்கள் பட்டியலிலேயே இல்லை. தொடை, பிட்டம், முதுகு, மார்பு ஆகிய பெரிய தசைகளுக்கான வலுப்பயிற்சி. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையாமல் காப்பது இதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான கார்டியோ, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான கார்டியோ, அதோடு குறைந்தது இரண்டு நாள் வலுப்பயிற்சி என்கிறது. நீங்கள் இப்போது செய்வது 120 நிமிடம், அதுவும் மெதுவாக.

'மிதமான' வேகம் எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எண் வேண்டுமென்றால், 208-லிருந்து வயதில் 0.7 பங்கைக் கழியுங்கள். உங்களுக்கு உச்ச இதயத்துடிப்பு ஏறத்தாழ 181. அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 116 முதல் 137 வரை, மிதமான எல்லை.

உங்களுக்கான பன்னிரண்டு வாரம்

நேரம்: எழுந்தவுடன் குனிந்து நிமிரும் பயிற்சி வேண்டாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் வளைந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் பகலைவிட அதிகம். எழுந்து ஒரு மணி நேரமாவது போகட்டும். காலையில் நேரம் அவ்வளவுதான் என்றால் நடையைக் காலையிலும் வலுப்பயிற்சியை மாலையிலும் வையுங்கள். சிட்-அப்பை முழுமையாக விடுங்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழுவினர் கணக்கிட்டபடி, ஒரு சிட்-அப்பில் அடிமுதுகின் மேல் விழும் அழுத்தம் 3,000 நியூட்டனைத் தாண்டுகிறது. ஏறத்தாழ 300 கிலோ எடை. உங்களுக்கு அது நாளுக்கு நாற்பது முறை, இடைத்தட்டு உப்பியிருக்கும் நேரத்தில். ஒரு மாத முதுகுவலிக்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

கார்டியோ: முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், 25 நிமிட வேகநடை. பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஆறாவது வாரத்தில் 45 நிமிடத்துக்கு வந்துவிடுங்கள். ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் முன்னங்கால் எலும்பு வலிக்கும், குதிகால் வலிக்கும், பத்து நாள் நடையே நின்றுவிடும். ஏழாவது வாரத்திலிருந்து இரண்டு நாள் மட்டும், ஏற்றத்தில் நடந்தோ நிலைச் சைக்கிளிலோ, 1 நிமிடம் மூச்சு வாங்க, 2 நிமிடம் நிதானமாக, இப்படி ஆறு சுற்று. நீங்கள் கேட்ட எச்ஐஐடி-யின் உங்களுக்கேற்ற வடிவம் இது. குதிப்பது இல்லை, கயிறு தாண்டுவது இல்லை. கசிவு நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொழுப்பைக் குறைப்பதில், செலவாகும் சக்தி ஒன்றாக இருந்தால் எச்ஐஐடி-க்கும் வேகநடைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதன் ஆதாயம் நேர மிச்சம்தான்.

வலுப்பயிற்சி: வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. நாற்காலியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 10, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் பிரிட்ஜ் 12, சுவரிலோ மேசையிலோ கை ஊன்றிய புஷ்-அப் 8 முதல் 10, ரப்பர் பட்டையை நெஞ்சுக்கு இழுப்பது 10. ஒவ்வொன்றும் மூன்று செட். செட்டுக்கு நடுவே ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிட ஓய்வு. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் கையில் எடை சேருங்கள். எழும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுவது, இங்கே மற்ற எல்லா விதிகளையும்விட முக்கியம்.

வயிற்றுப் பயிற்சி: அதே மூன்று நாளில், வலுப்பயிற்சிக்குப் பின் 10 நிமிடம். முதல் நான்கு வாரம்: மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே இடுப்புத்தளத்தை மேலே இழுத்து, அடிவயிற்றை மெல்ல உள்வாங்கி, ஒரு குதிகாலைத் தரையோடு நீட்டி மடக்குவது, பக்கத்துக்கு 8, இரண்டு செட். கை, முழங்கால் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டி 10 நொடி நிறுத்தும் பேர்ட் டாக், பக்கத்துக்கு 5. பக்கவாட்டில் படுத்து, முன்கையும் முழங்காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தி நிறுத்தும் சைடு பிளாங்க் 10 நொடி, பக்கத்துக்கு 4. ஐந்திலிருந்து எட்டாவது வாரம்: மேசையில் கை ஊன்றி உடலை நேர்க்கோட்டில் நிறுத்தும் பிளாங்க், கால்களை மேசை உயரத்தில் மடக்கி வைத்து மாறி மாறி ஒவ்வொரு பாத நுனியையும் தரையில் தொடும் டெட் பக். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை: தரையில் முழு பிளாங்க், 10 முதல் 20 நொடி, ஐந்து முறை. இரண்டு நிமிடம் பிளாங்க் பிடிப்பதால் கூடுதல் பயன் இல்லை. சிறிய நேரம், சரியான நிலை, பல முறை. எந்தப் பயிற்சியிலும் நடுமேடு புடைத்தாலோ, கசிந்தாலோ, மூச்சைப் பிடிக்காமல் செய்ய முடியாவிட்டாலோ ஒரு படி கீழே இறங்குங்கள். உங்கள் சுவர் எந்தச் சுமையைத் தாங்கும் என்பதை இந்த மூன்றும் சொல்லிவிடும்.

இடுப்புத்தளம்: தினமும் மூன்று வேளை. வாயு வெளியேறாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். 8 நொடி பிடித்து, 8 நொடி முழுதாகத் தளர்த்தி, 8 முதல் 12 முறை. தொடையோ பிட்டமோ இறுகினால் தவறான தசை வேலை செய்கிறது. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். பை முழுதாகக் காலியாகாமல் போகும். மாற்றம் தெரிய மூன்று மாதம் வேண்டும். நடுவில் விட்டுவிடுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு.

வரிசை பற்றி நிறையக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். கொழுப்பைப் பொறுத்தவரை எது முன், எது பின் என்பதில் ஆதாயம் ஏதும் இல்லை. பாதுகாப்புக்காக மட்டும் ஒரு வரிசை சொல்கிறேன்: 5 நிமிடம் உடலைச் சூடாக்குவது, வலுப்பயிற்சி, வயிற்றுப் பயிற்சி, கடைசியில் நடை. வயிற்றுத் தசையை முதலிலேயே களைக்க வைத்துவிட்டு எடை தூக்கினால் முதுகைத் தாங்க ஆள் இருக்காது. வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்பதும் அவசியமில்லை. 2014-இல் இளம் பெண்கள் இருபது பேரை வைத்து நான்கு வாரம் ஒப்பிட்டபோது, சாப்பிட்டுவிட்டுச் செய்தவர்களுக்கும் வெறும் வயிற்றில் செய்தவர்களுக்கும் கொழுப்புக் குறைவில் வேறுபாடு இல்லை. உங்களுக்கு எது இதமோ அப்படிச் செய்யுங்கள்.

தட்டும் தூக்கமும்

புதிய திட்டம் முழு வேகத்துக்கு வந்ததும் 45 நிமிட வேகநடையில் கூடுதலாகச் சுமார் 175 கலோரி செலவாகும். வலுப்பயிற்சியையும் சேர்த்தால் வாரத்துக்கு 1,100-ஐ ஒட்டி வரும். அதாவது 140 கிராம் கொழுப்பு. உணவில் நாளுக்கு 300 கலோரி குறைத்தால் வாரத்துக்கு இன்னொரு 270 கிராம். இரண்டும் சேர்ந்தால்தான் வாரத்துக்கு 400 கிராம் என்ற நல்ல வேகம் வரும். உடற்பயிற்சி மட்டும் போதும் என்று நினைத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 300 கலோரியை எண்ணிக் குறைக்கத் தேவையில்லை: சர்க்கரை சேர்த்த பானங்களை நிறுத்துவது, எண்ணெயை அளந்து ஊற்றுவது, தட்டில் பாதியைக் காய்கறியால் நிரப்புவது, இவையே அந்த அளவைத் தொட்டுவிடும். புரதம் மட்டும் குறையக் கூடாது. கிலோவுக்கு 1.2 கிராம் என்ற கணக்கில் உங்களுக்கு நாளுக்கு 85 கிராம்; மூன்று வேளையிலும் பிரித்து எடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

உடற்பயிற்சிக்காகத் தூக்கத்தைத் தியாகம் செய்வதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த உறுதியை மதிக்கிறேன். ஆனால் ஐந்து மணி நேரத் தூக்கம் உங்களுக்கு எதிராகவே வேலை செய்கிறது. 2010-இல் வெளியான ஒரு சிறிய, கவனமான ஆய்வில் ஒரே ஆட்களை ஒரே கலோரிக் கட்டுப்பாட்டில் இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். குறைந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்தபோது அந்த எடையில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் சரிந்தது; கொழுப்புக்குப் பதில் தசை போயிற்று. பசியும் கூடியது. நாலரைக்குத்தான் எழ முடியும் என்றால் ஒன்பதரைக்குப் படுங்கள். முடியாத நாளில் நடையில் பதினைந்து நிமிடத்தைக் குறைத்துக்கொண்டு தூங்குங்கள்.

இன்னொரு பொறி: காலையில் நடந்த திருப்தியில் மீதி நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது, 'இன்று நடந்தேனே' என்று ஒரு கை கூடுதலாகச் சாப்பிடுவது. கைக்கடிகாரம் காட்டும் கலோரி எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். பல கருவிகள் கூட்டிக் காட்டுகின்றன. அலுவலகத்தில் மணிக்கொரு முறை எழுந்து மூன்று நிமிடம் நடங்கள்.

டேப்பைச் சரியாகப் பிடியுங்கள்

94, 97 என்று எண் மாறுவது அளக்கும் முறையால். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, டேப் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல், இயல்பாக மூச்சை விட்ட முடிவில் அளக்க வேண்டும். காலையில், கழிப்பறை போய்வந்த பின், ஒன்றும் சாப்பிடுவதற்கு முன். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தேங்கி ஓரிரு சென்டிமீட்டர் கூடும்; அதனால் மாதத்துக்கு ஒரு முறை, சுழற்சியின் அதே நாளில் அளந்தால் போதும். தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ.-க்கு மேல் ஆபத்து கூடுகிறது என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் வரம்பு. உயரத்தில் பாதி என்ற எளிய கணக்கும் உங்களுக்கு 79 என்றே காட்டுகிறது. அங்கே ஒரேயடியாகப் போக வேண்டியதில்லை. ஒரு கிலோ குறைந்தால் இடுப்பில் சுமார் 1 செ.மீ. குறையும். பன்னிரண்டு வாரத்தில் 3 முதல் 4 கிலோ, 3 முதல் 4 செ.மீ. என்பது நடக்கக்கூடியது. அந்த அளவிலேயே ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கொழுப்பு அளவுகளும் நல்ல பக்கம் திரும்பத் தொடங்கும்.

மீதிக் கேள்விகள்

தசை கொழுப்பாக மாறாது; இரண்டும் வேறு வேறு திசுக்கள். பயிற்சியை விட்டால் தசை மெலிகிறது, சாப்பாடு பழைய அளவிலேயே இருந்தால் கொழுப்பு தனியாகச் சேர்கிறது. பார்ப்பவருக்கு ஒன்று இன்னொன்றாக ஆனதுபோலத் தோன்றும்.

கொழுப்பை உறிஞ்சி எடுப்பது பற்றி: அது தோலடிக் கொழுப்பை மட்டும் எடுக்கிறது, உள்ளுறுப்புக் கொழுப்பைத் தொடுவதில்லை. 2004-இல் வெளியான ஆய்வில், உடல் பருமனுள்ள 15 பெண்களுக்கு வயிற்றிலிருந்து பல கிலோ தோலடிக் கொழுப்பை எடுத்த பின்பும், அவர்களின் இன்சுலின் செயல்பாடும் ரத்த அழுத்தமும் ரத்தக் கொழுப்பும் மேம்படவில்லை. விலகிய தசையை அது ஒட்டவைப்பதும் இல்லை. உருவத்துக்காக விரும்பினால் அது உங்கள் உரிமை. ஆனால் இந்தப் பன்னிரண்டு வாரத்துக்கு முன் அந்த முடிவை எடுக்க வேண்டாம். இடைவெளி பெரிதாகவே நின்று, பயிற்சிக்குப் பின்னும் தொந்தரவு தொடர்ந்தால், தசையைச் சேர்த்துத் தைக்கும் அறுவை சிகிச்சை பற்றித் தனியாக ஆலோசிக்கலாம்.

தொடங்குவதற்கு முன்

இடுப்புத்தளப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரை ஒரு முறையாவது பாருங்கள். சரியான தசை இறுகுகிறதா என்பதைத் தானாகக் கண்டறிவது கடினம். பலர் மேலே தூக்குவதற்குப் பதில் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். மகப்பேறு மருத்துவரிடம் கசிவை நேரடியாகச் சொல்லுங்கள்: எப்போதிலிருந்து, எப்போதெல்லாம், எவ்வளவு. எரிச்சல் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை தேவைப்படும். இடுப்பளவு 94 என்பதால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), ரத்தக் கொழுப்பு, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் ஏதும் எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லுங்கள்.

தொப்புளருகே உள்ளே தள்ளினாலும் போகாத, வலிக்கும் கட்டி இருந்தால், அது குடலிறக்கமாக இருக்கலாம். வாந்தியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்ற இடமெல்லாம் மெலியும்போது வயிறு மட்டும் வேகமாகப் பெருத்தாலோ, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோனாலோ தள்ளிப்போடாமல் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அது கொழுப்பாக இல்லாமலும் இருக்கலாம். முதுகுவலி காலுக்கு இறங்கினாலோ, சிட்-அப்பை நிறுத்தி மூன்று வாரம் ஆகியும் தணியாவிட்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் இழப்பது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, இவற்றில் ஒன்று தோன்றினாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இன்று காலை அளந்த இடுப்புச் சுற்றளவையும், விரலால் பார்த்த இடைவெளியையும், கடந்த வாரத்தில் கசிவு ஏற்பட்ட நாட்களின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். பன்னிரண்டாவது வாரத்தில் இதே மூன்றையும் மீண்டும் எழுதி அனுப்புங்கள். அடுத்த கட்டத்தை அந்த எண்களை வைத்துத் திட்டமிடலாம்.